மீன் தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப்

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு 'சம்ப்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் ஒரு தொட்டி. மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ அதில் வந்து விழும். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். மீன் வளர்ப்பவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கூடத்தில் அழகாக இருக்கும் மீன் தொட்டிக்குக் கீழே, மரக் கதவுக்குப் பின்னால், இன்னொரு கண்ணாடித் தொட்டி இருக்கும். அதன் பெயரும் சம்ப்தான். மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடித் தடுப்புகளுக்கு மேலேயும் கீழேயும் புகுந்து, சுத்தமாகி, சின்ன மோட்டார் மூலம் மறுபடி மேலே போகும்.

வேலை பார்த்த காலமெல்லாம் குடிநீர், கழிவுநீர் இரண்டோடும் மல்லுக்கட்டியவன் நான். இந்தக் கண்ணாடி சம்ப்பை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே சுருக்கி அலமாரிக்குள் வைத்தது போல் எனக்குத் தோன்றியது. இந்த ஒற்றுமை தற்செயலா என்று தேடிப் படித்தேன். தற்செயல் இல்லை. அதற்குள் ஒரு அப்பா, பிள்ளை கதையே இருக்கிறது. அதையும், வீட்டில் சம்ப் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஒரு பெண்மணி. ஜீன் வில்ப்ரூ பவர் என்று பெயர். பிரான்ஸில் பிறந்து, தையல் வேலை செய்து பிழைத்து, கல்யாணமாகி இத்தாலியின் சிசிலித் தீவில் மெஸ்ஸினா நகரத்துக்குப் போனவர். ஆர்கனாட் என்ற கடல் உயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறு பிராணியின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்று அன்றைய அறிஞர்களுக்குள் சண்டை. 1832 வாக்கில் இவர் கண்ணாடித் தொட்டிகள் செய்து, அந்தப் பிராணியை உயிரோடு வைத்துப் பார்த்து, தானே உண்டாக்குகிறது என்று நிரூபித்தார்.

ஆனால் அவர் இருந்தது கடலோரம். கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் மொண்டுகொள்ளலாம். கடலிலிருந்து தள்ளி, ஊருக்கு நடுவில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? லண்டனில் அன்னா தின் என்ற சீமாட்டிக்கு இந்தப் பிரச்சினை வந்தது. 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். தினமும் புதுக் கடல்நீர் வரவழைக்க முடியாது. அதனால் இருக்கிற நீரையே திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். தினம் அரை மணிக்கு மேல் இந்த வேலை. ஊற்றியது வீட்டு வேலைக்காரப் பெண். நம் டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுகிற மாதிரிதான். காற்று கலந்தால் தண்ணீர் உயிர் பெறும் என்று அந்த அம்மாள் கண்டுகொண்டார். இன்றைய சம்ப்பில் மோட்டாரும் அருவியும் செய்கிற வேலையை அன்று ஒரு பெண்ணின் கை செய்தது. அந்தப் பெண்ணின் பெயர் பேசப்படுவதில்லை.

அடுத்து வருகிறவர்தான் நம் கதையின் அப்பா, ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் கூடத்தில் வேதியியல் வேலை பார்த்தவர். 1841இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டி தோன்றுவதற்கு முன்நின்று பாடுபட்டவர். 1849இல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மணல் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சின்னத் தங்க மீன்களை விட்டார். மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன குளத்து நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. தண்ணீரை மாற்றாமலே மீன்கள் நன்றாக இருந்தன. 1850 மார்ச்சில் இதைக் கெமிக்கல் சொசைட்டியில் கட்டுரையாகப் படித்தார்.

மீன், செடி, நத்தை என்று மூன்று பேர் சேர்ந்து நடத்தும் குடும்பம் என்றுதான் அவர் புரிந்துகொண்டார். நாலாவது ஆள் ஒருவர் அந்தப் பாத்திரத்தின் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு ராப்பகலாக வேலை செய்தது அவருக்குத் தெரியாது. அன்று உலகத்தில் யாருக்குமே தெரியாது.

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் மீன் தொட்டி மோகம் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு காசுக் காரணமும் உண்டு. அதுவரை கண்ணாடிக்குக் கடுமையான வரி இருந்தது. 1845இல் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் ரீஜெண்ட் பார்க் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக் கூடம் திறந்தார்கள். அடுத்த வருடம் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. 'அக்வாரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அந்தப் புத்தகம்தான். வாங்கி வைத்தவர்களின் மீன்கள் பெரும்பாலும் செத்தன. வாரிங்டனின் பொறுமை எல்லாருக்கும் இருக்குமா? பத்து வருடத்தில் மோகம் வடிந்துவிட்டது.

மோகம் வடிந்த பிறகும் விடாமல் உட்கார்ந்து யோசித்தவர் ஒருவர். வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு என்பவர். படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளி. மீன் பித்துப் பிடித்து லண்டனில் மீன் தொட்டிக் கடை வைத்தார். கடை நொடித்துப் போனது. ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலை அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 1864இல் அங்கே அவர் பொறுப்பில் மீன் காட்சியகம் திறந்தது. பிறகு லண்டன் திரும்பி, 1871இல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார்.

கிரிஸ்டல் பேலஸில் லாய்டு செய்ததுதான் நமக்கு முக்கியம். பார்வையாளர்கள் பார்க்கும் தொட்டிகளில் இருந்த தண்ணீரைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தரைக்கடியில், இருட்டான ஒரு பெரிய தேக்கத்தில் வைத்தார். நீராவி இயந்திரம் இரவும் பகலும் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும். மேல் தொட்டிகளில் நிரம்பி வழிந்து மறுபடி கீழே வரும். இருட்டில் இருப்பதால் பாசி பிடிக்காது. தரைக்கடியில் இருப்பதால் கோடையில் சூடேறாது. ஒரு மீன் செத்தாலும், ஒருவேளை இரை அதிகமானாலும், அந்த அழுக்கு பெரிய நீரில் கரைந்து நீர்த்துப் போகும். கடல்நீர் உலோகத்தில் பட்டு விஷமாகிவிடக்கூடாது என்று கெட்டி ரப்பரால் செய்த பம்புகளைப் பயன்படுத்தினார். 1874இல் திறந்த நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்கும் தண்ணீர்ச் சுற்று ஏற்பாட்டை வகுத்துக் கொடுத்தவர் அவரே. இன்று நம் அலமாரிக்குள் இருக்கும் சம்ப்புக்குக் கொள்ளுத் தாத்தா அந்த இருட்டுத் தேக்கம்.

காட்சிக்கு வருபவர்கள் மேலே பார்த்துவிட்டுப் போவார்கள். காட்சியைக் காப்பாற்றுவது கீழே இருப்பது. பைண்டிங் தொழிலாளிக்கு இது புரிந்திருந்தது. புத்தகத்தைத் திறப்பவர் எழுத்தைத்தான் பார்ப்பார், உள்ளே இருக்கும் தையலை யார் பார்க்கிறார்கள்?

லாய்டு 1880இல் காலமானார். தன் தேக்கத்தில் தண்ணீர் ஏன் நல்லபடி இருக்கிறது என்பதன் பாதிக் காரணத்தைத்தான் அவரும் அறிந்திருந்தார். மறு பாதி அப்போதுதான் வெளிவந்துகொண்டிருந்தது. அது வெளிவந்த இடம் சாக்கடை.

1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான ஒரு குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, மேலே கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கழிவுநீரில் அம்மோனியா நிறைய இருக்கும். 20 நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு கீழே வந்த நீரில் நைட்ரேட் தோன்ற ஆரம்பித்தது. சில நாளில் அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாறி வந்தது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் ஏன் பிடித்தது? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். மாற்றம் நின்றுபோனது. தோட்டத்து மண்ணைக் கரைத்துக் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடி தொடங்கியது. ஆக, மணலில் ஏதோ உயிர் குடியேறி இந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் அதே வேலையைக் கையில் எடுத்தவர், ராதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்த ஒரு வேதியியலாளர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்! தங்க மீன் வளர்த்தவரின் மகன். 1838இல் பிறந்தவர். அப்பா அந்தக் கட்டுரையைப் படித்தபோது பிள்ளைக்கு 11 வயது. அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றவர்.

மகன் வாரிங்டன் பத்து வருடத்துக்கு மேல் மண்ணோடு போராடினார். அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது, இரண்டு கட்டத்தையும் செய்வது வெவ்வேறு உயிர்கள் என்று காட்டினார். ஆனால் அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் ஸூரிக் நகரத்தில் இருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் முந்திக்கொண்டார். அந்த பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டிப் பேர் வாங்கினார். உயிருள்ள உணவு எதுவும் வேண்டாம், அம்மோனியாவும் காற்றும் இருந்தால் போதும், அதிலிருந்தே பிழைத்துக்கொள்ளும் உயிர்கள் அவை.

அப்பாவின் பாத்திரத்தில் இருந்த நாலாவது ஆள் இவர்தான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது மீனுக்கே விஷம். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதை அது கெடுக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. செடி எடுத்துக்கொள்ளும், அல்லது வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். அப்பாவின் மீன்கள் பிழைத்ததற்குச் செடியும் நத்தையும் மட்டும் காரணம் இல்லை. மணலில் இருந்த பாக்டீரியாவும் காரணம். அதே உயிரைத்தான் மகன் வயல் மண்ணில் வருடக்கணக்காகத் தேடினார். அப்பா கண்ணாடிக்குள் வைத்திருந்ததும் மகன் வயலில் தேடியதும் ஒன்றே என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

விவசாயிகளைவிட வேகமாக இந்த அறிவைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் சாதிக்காரர்கள், அதாவது கழிவுநீர்ப் பொறியாளர்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 1893 வாக்கில் கருங்கல் ஜல்லிப் படுகையின் மேல் கழிவுநீரைத் தெளித்துச் சொட்ட விடும் ஏற்பாடு வந்தது. ட்ரிக்ளிங் ஃபில்டர் என்று பெயர். பெயரில் ஃபில்டர் இருந்தாலும் அது வடிகட்டி இல்லை. ஜல்லியின் மேல் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியாப் படலம், வழிந்து போகும் நீரில் இருக்கும் அழுக்கைத் தின்னும். ஜல்லிக்கு நடுவே காற்று புகுந்து அதற்கு மூச்சுக் கொடுக்கும். 1895இல் எக்ஸிட்டர் நகரத்தில் டொனால்டு கேமரான் என்ற பொறியாளர் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். புறநகரில் வீடு கட்டியவர்கள் அதன் உள்ளே தடுப்புச் சுவர் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்த வேகத்தில் தண்ணீர் நேராக வெளியே ஓடிவிடாமல், நின்று, வண்டல் படிந்து, நிதானமாகப் போவதற்காகத்தான் அந்தச் சுவர். மீன் தொட்டி சம்ப்பின் கண்ணாடித் தடுப்புக்கும் இதுவே முதல் வேலை.

இவ்வளவு தெரிந்த பிறகும் இந்த அறிவு மீன் தொட்டிக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனையில், மெரினா கடற்கரையில் 1909இல் மீன் காட்சியகம் திறந்தார்கள். எதிரே கடல் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942இல் அது மூடப்பட்டது. வீடுகளில் வைத்திருந்தவர்களுக்கோ இரும்புச் சட்டம் வைத்த தொட்டிதான். மூலைகளில் ஆங்கிள் இரும்பு, கண்ணாடியைப் பிடிக்க மக்கு. துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து வெடிக்கும், ஒழுகும். அதற்குள் குறுக்கே தடுப்பு வைத்து இன்னொரு தொட்டி செய்வது நடக்கிற காரியமா?

இரண்டு விஷயங்கள் சேர்ந்ததும் வழி பிறந்தது. ஒன்று, சிலிகோன் பசை. 1960களில் தொடங்கி, சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டித் தொட்டி செய்ய இது வழி செய்தது. காயும்போது வினிகர் வாசனை வருமே, அதுதான். இரும்பும் வெல்டிங்கும் தேவைப்பட்ட வேலை, கண்ணாடி வெட்டத் தெரிந்த யாரும் செய்யலாம் என்று ஆனது. மற்றொன்று, ஐரோப்பியர்கள் கழிவுநீர் நிலையத்து ட்ரிக்ளிங் ஃபில்டரை அப்படியே சுருக்கி மீன் தொட்டிக்குக் கீழே கொண்டுவந்தது. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் 'ஃப்ரெஷ்வாட்டர் அண்ட் மரைன் அக்வாரியம்' என்ற அமெரிக்க மாத இதழில், நெதர்லாந்தில் பவளத் தொட்டிகளை இப்படி வளர்க்கும் முறையைப் பற்றித் தொடர் எழுதினார். அமெரிக்க மீன் பிரியர்கள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி வெட்டக் கிளம்பிவிட்டார்கள். ஜல்லிக்குப் பதில் பிளாஸ்டிக் உருண்டைகள். பின்னால் கடல்மீன் வளர்ப்பவர்கள் உருண்டைகளைக் கைவிட்டு, பவளப் பாறைகளையே பாக்டீரியாவுக்கு வீடாக்கினார்கள். ஆனாலும் கீழ்த் தொட்டியைக் கைவிடவில்லை. லாய்டின் தேக்கமும், அப்பா வாரிங்டனின் கண்ணாடிப் பாத்திரமும், மகன் வாரிங்டனின் பாக்டீரியாவும் கடைசியில் ஒரே அலமாரிக்குள் வந்து சேர்ந்தன.

இனி, கட்டும் முறைக்கு வருவோம். என் பேரனுக்கு மீன் ஆசை வந்ததால் நான் இதில் இறங்கினேன். வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடியும் அங்கேயே வெட்டிக்கொள்ளலாம்.

மேல் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 255 லிட்டர். கீழே சம்ப் 30 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். சுமார் 88 லிட்டர். சம்ப்பை மூன்று அறையாகப் பிரிக்க வேண்டும். முதல் அறையில் மேலிருந்து வரும் தண்ணீர் விழும். அங்கே பஞ்சு வைத்தால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு நிற்கும். நடு அறையில் பாக்டீரியாவுக்கு வீடு. பீங்கான் வளையமோ, எரிமலைக் கல்லோ, நன்றாக வெந்த செங்கல் துண்டோ வைக்கலாம். நுண்ணிய துளைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. கடைசி அறையில் மோட்டார்.

நடு அறைக்கும் மோட்டார் அறைக்கும் இடையில் மூன்று தடுப்புகள் அடுத்தடுத்து வரும். முதல் தடுப்பு அடியில் ஒட்டியிருக்கும், தண்ணீர் அதன் மேலே வழியும். இரண்டாவது தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி ஒட்டப்பட்டிருக்கும், தண்ணீர் அதன் கீழே புகும். மூன்றாவது மறுபடி அடியில் ஒட்டியது, மேலே வழியும். இடைவெளி ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இப்படி ஏறி இறங்கும்போது தண்ணீரில் இருக்கும் காற்றுக் குமிழிகள் மேலே தங்கிவிடும். இல்லையென்றால் மோட்டார் அவற்றை இழுத்து, மேல் தொட்டி முழுவதும் சோடா புட்டி மாதிரி பொங்கும். தடுப்புக் கண்ணாடியைத் தொட்டியின் உள் அகலத்தைவிட 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். இரு பக்கமும் சிலிகோனுக்கு இடம் வேண்டும். பூஞ்சைக்கு மருந்து கலந்த குளியலறை சிலிகோன் ஆகாது. மீன் தொட்டிக்கென்று இருப்பதையே வாங்க வேண்டும். ஒட்டிய பிறகு அவசரப்படாமல் ஒரு வாரம் காய விட்டு, வெளியே சமதரையில் தெர்மோகோல் மேல் வைத்து நீர் நிரப்பிச் சோதியுங்கள்.

தடுப்பின் உயரத்தைத்தான் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். காரணம், மின்வெட்டு. மோட்டார் நின்றதும் மேல் தொட்டியில் வழிவாய்க்கு மேலே இருக்கும் தண்ணீர் முழுவதும் கீழே வரும். மேலே ஓர் அங்குலம் என்பது 14 லிட்டர். அது சம்ப்பில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் உயரும். அதனால் 15 அங்குல சம்ப்பில் தடுப்பை 9 அங்குலத்தோடு நிறுத்தி, மேலே 6 அங்குலம் காலியாக விட்டேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் 6 அங்குலம் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் அதே குழாய் தலைகீழாக இழுக்க ஆரம்பிக்கும். 85 லிட்டர் கீழே வந்துவிடும். கூடம் குளமாகும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் போதும். மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். ஓட்டையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் ஆவியாகிக் குறைவது மோட்டார் அறையில் மட்டுமே தெரியும். மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் நிலையாக வைத்திருக்கும். சித்திரை, வைகாசியில் அந்த அறையைத் தினமும் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள். மோட்டார் வெறுமனே ஓடினால் எரிந்துவிடும்.

எல்லாம் முடிந்த அன்றே மீன் விட வேண்டும் என்று பேரன் ஒற்றைக்காலில் நின்றான். ஷ்லோசிங்கின் 20 நாள் கதையை அவனிடம் சொன்னேன். நம் தொட்டியிலும் பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு உறுதியான மீன்களோடு, இரையையும் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விட்டு, பத்தாம் நாள் எல்லாவற்றையும் குப்பையில் போடுகிறவர்கள் இன்றும் ஏராளம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் உள்ளே விஷம். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்பதைக் குடிநீர்த் துறையில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள்.

கண்ணாடி வெட்டிக் கொடுத்த கடைத் தம்பி கிளம்பும்போது ஒன்று சொன்னான். "சார், அந்த வளையத்தைக் குழாய்த் தண்ணியில கழுவிடாதீங்க. தொட்டித் தண்ணியிலேயே ஒரு அலசு அலசினா போதும். பளபளன்னு ஆக்கினீங்கன்னா மீன் போயிடும்." மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது. குடிப்பவர்களைக் காப்பாற்ற நாங்கள் அளந்து போடும் குளோரின், வளையத்தில் குடியிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஷ்லோசிங்கின் குழாயில் குளோரோஃபார்ம் செய்த அதே காரியம். அந்தத் தம்பிக்கு வினோகிராட்ஸ்கியின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாடம் தெரிந்திருக்கிறது. மின்சாரம் நீண்ட நேரம் போனாலும் இதே கதிதான். ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் குறைந்து பாக்டீரியா வாடும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. அம்மோனியாவை ஒருவர், நைட்ரைட்டை இன்னொருவர் என்று மகன் வாரிங்டன் பிரித்துச் சொன்னது நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகத்தில் நின்றது. நானும் அப்படித்தான் படித்தேன். 2015இல் இரண்டு வேலையையும் தானே செய்துமுடிக்கும் ஒரு பாக்டீரியா இருப்பதாக இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழு அதைப் பிடித்த இடம், மீன் வளர்க்கும் தொட்டிகளோடு இணைத்திருந்த ஒரு ட்ரிக்ளிங் ஃபில்டர். மகன் எழுதி வைத்த கணக்கைத் திருத்தும் சாட்சி, அப்பாவின் வழியில் வந்த மீன் தொட்டியிலிருந்தே கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலோ, பிள்ளைகள் வீட்டிலோ மீன் தொட்டி இருந்தால், அடுத்த முறை கீழ்க் கதவையும் திறந்து பாருங்கள். பழுப்பேறிய வளையங்கள் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். மேலே நீந்தும் மீன்களின் உயிர் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.